பி என்னும் எழுத்து வந்த வழி

ஓசூர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன தொழிற்சாலைகளே. லாரிகள், மோட்டார் சைக்கிள்கள், கைக்கடிகாரங்கள் என்று நாடெங்கும் போய்ச் சேரும் பொருள்கள் இங்கே உருவாகின்றன. ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி அதிகாலையில் பெங்களூருக்குப் போகும் கூட்டமும், அங்கிருந்து இங்கே வேலைக்கு வரும் கூட்டமும் ஒன்றையொன்று சாலையில் கடந்துகொள்கின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க்கடை விசுப்பலகையில் அமர்ந்து பேசிக்கொள்ளும் ஊர் இது.

ஆனால் இரும்புக்கும் இயந்திரத்துக்கும் வெகு முன்பே இந்த மண்ணில் ஒரு வேறு தொழில் வேரூன்றியிருந்தது. 1824ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காக ஓசூரை அடுத்த மத்திகிரியில் ஒரு பண்ணையை நிறுவியது. ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட அந்தப் பண்ணை காலப்போக்கில் குதிரையிலிருந்து மாட்டுக்கும் மற்றக் கால்நடைகளுக்கும் கைமாறி, அரசின் கால்நடைப் பண்ணையாக நிலைபெற்றது. அதே மத்திகிரியில்தான் இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இயங்குகிறது. கோழியைப் படிப்பதற்கென்றே ஒரு பட்டம், அதற்கென்றே ஒரு கல்லூரி. இதைக் கேட்டுப் புன்னகைப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் புன்னகைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அறிவியல் உலகமே கோழியைப் பார்த்து அப்படிப் புன்னகைத்திருக்கிறது. அதற்கு விலையும் கொடுத்திருக்கிறது.

நம் குருதியில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களுக்கு பி செல்கள் என்று பெயர். எதிர்ப்பொருள்களை, அதாவது ஆன்டிபாடிகளை, உற்பத்தி செய்பவை இவையே. தடுப்பூசி போட்டுக்கொள்ளும்போது நாம் நம்பியிருப்பது பெரிதும் இவற்றைத்தான். இந்த ‘பி’ எங்கிருந்து வந்தது? மனிதரில் இவை எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன; மஜ்ஜைக்கான ஆங்கிலச் சொல்லும் அதே எழுத்தில் தொடங்குவதால் அதுவே காரணம் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அது தற்செயலான பொருத்தம். அந்த எழுத்து வந்தது கோழியின் வால் புறத்திலிருந்து.

கொட்டகைக்குள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கி இரவில் பயணம் செய்பவர், சாலையை விட்டுச் சற்று உள்ளே நீண்ட கொட்டகைகளில் வரிசையாக விளக்குகள் எரிவதைக் காணலாம். அவை கறிக்கோழிப் பண்ணைகள். பெரும்பாலானவை ஒப்பந்த முறையில் நடப்பவை. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் தண்ணீரும் மின்கட்டணமும் உழைப்பும் விவசாயியுடையவை. வளர்ந்த கோழியின் எடையைக் கணக்கிட்டு வளர்ப்புக் கூலி கிடைக்கும். குஞ்சுகள் செத்தால் கூலி குறையும்.

இங்கே கோழிக்குஞ்சுக்கும் ஒரு தடுப்பு மருந்து அட்டவணை உண்டு. வெள்ளைக் கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் வழங்கும் நோய்க்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து. பதினான்காம் நாளையொட்டிக் கம்போரோ நோய்க்கான மருந்து. நான்காவது வாரத்தில் மீண்டும் வெள்ளைக் கழிச்சலுக்கு. கம்போரோ மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுப்பது வழக்கம். குஞ்சுகளுக்குத் தாகம் எடுக்கட்டும் என்று ஓரிரு மணிநேரம் தண்ணீரை நிறுத்தி வைப்பார்கள். பிறகு கொழுப்பு நீக்கிய பால்தூளைத் தண்ணீரில் கரைத்து, அதில் மருந்தைக் கலப்பார்கள். தண்ணீரிலுள்ள குளோரின் மருந்திலிருக்கும் உயிருள்ள வைரஸைக் கொன்றுவிடாமல் பால்தூள் காக்கும்.

கம்போரோ என்பது அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உள்ள ஓர் ஊர். 1957ஆம் ஆண்டு அவ்வூர்ப் பண்ணைகளில் முதன்முதலாகக் காணப்பட்டதால் நோய்க்கு அந்தப் பெயர் வந்தது. மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரையுள்ள குஞ்சுகளையே இது பெரிதும் தாக்கும். இறகு சிலிர்த்து, வெள்ளையாகக் கழிந்து, ஒடுங்கி உட்கார்ந்து குஞ்சுகள் சாகும். வைரஸ் பிடிவாதமானது, கொட்டகையின் கூளத்திலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு காத்திருக்கும். 1990களின் தொடக்கத்தில் இதன் கொடிய வகை இந்தியாவில் பரவியபோது கோழி வளர்ப்போர் கண்ட இழப்பு கொஞ்சமல்ல.

இந்நோயின் மற்றொரு முகம் இன்னும் வஞ்சகமானது. பிறந்த சில நாள்களிலேயே இந்த வைரஸ் தொற்றிய குஞ்சு நோய் அறிகுறி எதையும் காட்டாமல் தப்பிவிடக்கூடும். ஆனால் அதற்குப் பின் அதற்கு வெள்ளைக் கழிச்சல் மருந்தை எத்தனை முறை கொடுத்தாலும் சரிவரப் பலிப்பதில்லை. மருந்து நல்ல மருந்துதான். கொடுத்த முறையும் சரிதான். அதை ஏற்று எதிர்வினை புரிய வேண்டிய ஒன்று குஞ்சின் உடலில் அழிந்துபோயிருக்கும்.

செத்த கோழியை அறுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர் தேடுவது அதைத்தான். எச்சம் வெளியேறும் வாய்க்கு மேற்புறமாக, சிறு நெல்லிக்காய் போன்ற ஒரு பை. கம்போரோ தாக்கியிருந்தால் அது வீங்கிக் கிடக்கும். சிலவேளை உள்ளே இரத்தம் கசிந்திருக்கும். நாள்பட்டதென்றால் சுருங்கிப் போயிருக்கும். அதன் பெயர் பர்சா. பை என்பதுதான் அச்சொல்லுக்குப் பொருள். ‘பி’யின் மூலம் இது.

பையின் பயன் என்ன?

இந்தப் பையை முதலில் விவரித்தவர் இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறியல் கற்பித்த ஃபப்ரீசியஸ். இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வியின் ஆசிரியர் இவர். முட்டையும் குஞ்சும் உருவாவதைப் பற்றிய இவருடைய நூல் இவர் மறைந்த பின், 1621இல் வெளிவந்தது. அதில் இந்தப் பையைக் குறித்திருந்த ஃபப்ரீசியஸ், சேவலின் விந்தைப் பெட்டைக்கோழி சேமித்து வைக்கும் இடம் அது என்று எண்ணினார். சேவலுக்கும் அந்தப் பை உண்டு என்பது பின்னால் தெரிந்து அந்தக் கருத்து விழுந்தது. பெயர் மட்டும் அவருடையதாகவே நின்றுவிட்டது. அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பையின் பயன் என்னவென்று தெரியவில்லை.

1950களின் தொடக்கத்தில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கோழியியல் துறையில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர் இருந்தார். இந்தப் பையின் பயன் என்ன என்று தன் பேராசிரியரைக் கேட்டபோது, நீயே கண்டுபிடி என்று விடை கிடைத்ததாகச் சொல்வார்கள். பை வேகமாக வளர்வது குஞ்சு பொரித்த முதல் சில வாரங்களில் என்று கண்ட கிளிக், அந்த வயதிலேயே சில குஞ்சுகளுக்கு அதை அறுத்து நீக்கிவிட்டுக் கவனித்தார். குஞ்சுகள் வழக்கம்போல் வளர்ந்தன. எந்த வேறுபாடும் தென்படவில்லை. ஆய்வு அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

அதே துறையில் திமோத்தி சாங் என்ற சக மாணவர் வகுப்பு எடுத்துவந்தார். சால்மோனெல்லா கிருமியைச் செலுத்தினால் கோழியின் குருதியில் எதிர்ப்பொருள் தோன்றும் என்று மாணவர்களுக்குச் செய்துகாட்ட அவருக்குச் சில கோழிகள் தேவைப்பட்டன. கிளிக்கிடம் கேட்டு, அவரிடம் மிஞ்சியிருந்த கோழிகளை வாங்கிக்கொண்டார். செய்முறை படுதோல்வி. சில கோழிகள் செத்தன. பிழைத்தவற்றில் எதிர்ப்பொருள் தோன்றவில்லை. கால் வளையத்து எண்களை ஏட்டோடு ஒப்பிட்டபோது அவை பர்சா நீக்கப்பட்ட கோழிகள் என்பது தெரிந்தது.

முந்நூறு ஆண்டுப் புதிருக்கு ஒரு வகுப்பறைத் தோல்வியில் விடை கிடைத்தது. இருவரும் ஆய்வை முறையாகத் திரும்பச் செய்து கட்டுரை எழுதினார்கள். பெயர்பெற்ற ‘சயன்ஸ்’ இதழ் அதை ஏற்கவில்லை. 1956ஆம் ஆண்டு ‘பௌல்ட்ரி சயன்ஸ்’ என்ற கோழி வளர்ப்பு இதழில் அது வெளிவந்தது. மனித நோய்களை ஆராய்ந்தவர்கள் கோழி வளர்ப்பு இதழைப் புரட்டுவது அரிது. ஆகவே அது சில ஆண்டுகள் அங்கேயே உறங்கியது.

அந்தச் சில ஆண்டுகள் ஏன் முக்கியமானவை என்பதை உணர, கிளிக்கின் கட்டுரைக்கு நான்கு ஆண்டுகள் முன்னே செல்ல வேண்டும்.

எட்டு வயதுச் சிறுவன்

1952இல் வாஷிங்டனிலுள்ள வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஆக்டென் புரூட்டன் என்ற குழந்தை மருத்துவர், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு நியுமோகாக்கஸ் கிருமி மீண்டும் மீண்டும் குருதியில் பரவியது. ஒவ்வொரு முறையும் பென்சிலின் அவனை மீட்டது. ஒவ்வொரு முறையும் நோய் திரும்பி வந்தது. அக்காலத்தில் புதிதாக வந்திருந்த மின்புலப் பிரிப்பு முறையில் அவன் குருதிப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது, காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எதிர்ப்பொருள்கள் யாவும் அந்த வகைப் புரதத்தைச் சேர்ந்தவை. பிறரின் குருதியிலிருந்து பிரித்த காமா குளோபுலினைப் புரூட்டன் அவனுக்கு மாதந்தோறும் ஊசி மூலம் செலுத்தினார். நோய் விலகியது.

பையை இழந்த கோழியும் இந்தச் சிறுவனும் ஒரே குறையுடையவர்கள். இருவருக்கும் எதிர்ப்பொருள் இல்லை. ஒன்று கோழி வளர்ப்பு இதழிலும் மற்றது குழந்தை மருத்துவ இதழிலுமாகக் கிடந்தன.

இரண்டையும் ஒருங்கே நோக்கியவர்கள் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும். குழந்தை மருத்துவரான கூப்பர் கோழிக்குஞ்சை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 1965இல் அவர்கள் வெளியிட்ட முடிவு தெளிவாக இருந்தது. குஞ்சின் பர்சாவை நீக்கி, எஞ்சிய செல்களைக் கதிர்வீச்சால் அழித்தால் எதிர்ப்பொருள் தோன்றுவதில்லை. ஆனால் பிறரின் தோலை ஒட்டினால் அதை நிராகரிக்கும் ஆற்றல் போன்றவை மாறாமல் இருக்கின்றன. கழுத்துப் பகுதியிலுள்ள தைமஸை நீக்கினால் விளைவு நேரெதிர். நோய்த்தடுப்புக்கு இரண்டு தனித்தனிக் குலங்கள் உண்டு என்று அதனால் உறுதிப்பட்டது. தைமஸில் முதிர்பவை டி செல்கள் என்றும், பர்சாவில் முதிர்பவை பி செல்கள் என்றும் சில ஆண்டுகளில் பெயர் பெற்றன. மனிதருக்குப் பர்சா இல்லை. இந்த வேலையை நம் உடலில் எலும்பு மஜ்ஜை ஏற்றிருக்கிறது என்பது 1970களில் தெரிந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காகக் கூப்பருக்கும், தைமஸின் பயனைக் கண்ட ஜாக் மில்லருக்கும் 2019இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

புரூட்டனின் சிறுவனுக்கு என்ன குறை என்பதில் பாதி விளங்கிவிட்டது. அவனிடம் பி செல்கள் முதிரவில்லை. ஏன் முதிரவில்லை என்ற மீதிக் கேள்விக்கு விடை வேறொரு கோழியிடமிருந்து வரவேண்டியிருந்தது.

கட்டியுள்ள கோழி

1909ஆம் ஆண்டு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்துக்கு நெஞ்சில் கட்டியுள்ள பிளிமத் ராக் இனப் பெட்டைக்கோழி ஒன்று வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் ஒரு பண்ணையாளர். பெய்டன் ரௌஸ் என்ற இளம் மருத்துவர் அந்தக் கட்டியை அரைத்து, பாக்டீரியாவும் புகமுடியாத நுண்வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை மற்றக் கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் புற்றுக்கட்டி வந்தது. வைரஸ் ஒன்று புற்றுநோயைத் தோற்றுவிக்கக்கூடும் என்று 1911இல் அவர் அறிவித்தார். கோழிக்கு வருவது மனிதருக்குப் பொருந்தாது என்று பலர் அதை ஒதுக்கினார்கள். சில ஆண்டுகளில் ரௌஸும் அந்த ஆய்வைக் கைவிட்டார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு வந்தபோது ஐம்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்த வைரஸில் புற்றைத் தோற்றுவிக்கும் மரபணு ஒன்றுதான். அதன் பெயர் சார்க். 1976இல் பிஷப், வார்மஸ் ஆகியோரின் குழு அதே மரபணு நோயில்லாத கோழியின் செல்லிலும் இருப்பதைக் கண்டது. வைரஸ் அதைக் கோழியிடமிருந்தே திருடியிருக்கிறது. 1978இல் சார்க் புரதம் ஒரு கைனேஸ் என்று தெரியவந்தது.

கைனேஸ் என்பது செல்லுக்குள் வேலை செய்யும் ஒருவகை நொதி. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி வேறொரு புரதத்தின்மேல் ஒட்டுவது அதன் தொழில். ஒட்டப்பட்ட புரதம் உருமாறும். உறங்கியது விழிக்கும், அல்லது விழித்தது உறங்கும். ஒட்டியதைப் பிய்த்தெடுக்க பாஸ்பேட்டேஸ் என்ற எதிர்க்கட்சியும் உண்டு. செல்லுக்குள் செய்தி பரவுவது பெரும்பாலும் இந்த ஒட்டலாலும் பிய்த்தலாலும்தான்.

புரதத்தில் செரின், திரியோனின் என்ற இரு அமினோ அமிலங்களின்மேல் பாஸ்பேட் ஒட்டுவதே அதுவரை தெரிந்திருந்தது. 1979இல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் டோனி ஹன்டர் ஒரு வைரஸ் புரதத்தை ஆராய்ந்தபோது, புதிய கரைசல் தயாரிக்கச் சோம்பி, பலமுறை பயன்படுத்திய பழைய கரைசலையே பயன்படுத்தினார். அதன் அமிலத்தன்மை சற்றுக் கூடியிருந்தது. அந்தச் சிறு வேறுபாட்டால், வழக்கமாக ஒன்றன்மேல் ஒன்றாக மறைந்துவிடும் இரு புள்ளிகள் தாளில் விலகி நின்றன. மூன்றாவதாகத் தெரிந்தது டைரோசின் என்ற அமினோ அமிலம். கோழி வைரஸின் சார்க்கும் அதே வகை என்பது உடனே தெளிந்தது. செல்லில் ஒட்டப்படும் பாஸ்பேட்டுகளில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே டைரோசினின்மேல் அமைகின்றன. ஆனால் வளர்வதா, பிரிவதா, சாவதா என்ற பெரிய முடிவுகள் பலவற்றுக்கு அந்தச் சொற்பமே முன்னெழுத்து. டைரோசின் கைனேஸ் என்ற குடும்பம் இப்படி அறிமுகமானது.

முதல் பொறி

இனி இரு கதைகளும் ஒன்றுசேர்கின்றன.

ஒவ்வொரு பி செல்லின் மேற்பரப்பிலும் எதிர்ப்பொருள் வடிவிலான ஏற்பிகள் பதிந்திருக்கின்றன. தனக்குப் பொருந்தும் அந்நியப் பொருள், அதாவது ஆன்டிஜென், வந்து படிந்தால் அந்தச் செல் விழித்துப் பெருகி, அதே எதிர்ப்பொருளைக் குருதியில் கொட்டும். இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஏற்பியின் பெரும்பகுதி செல்லுக்கு வெளியே இருக்கிறது. உள்ளே நீளும் வால் மூன்றே அமினோ அமிலம். வாசலில் வந்தவரைக் கண் காண்கிறது. வீட்டுக்குள் சொல்ல வாய் இல்லை. செய்தி உள்ளே போவது எப்படி?

ஏற்பியோடு இரு துணைப் புரதங்கள் ஒட்டியிருப்பது 1980களின் இறுதியில் தெரிந்தது. அவற்றின் வால் நீளமானது. 1989இல் ஜெர்மானிய ஆய்வாளர் மைக்கேல் ரெத், அந்த வால்களில் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் இரண்டு டைரோசின்கள் அமைந்திருப்பதைக் கவனித்தார். டி செல்லின் ஏற்பியிலும் வேறு சில ஏற்பிகளிலும் அதே அமைப்பு. பிற்பாடு ஐடாம் என்று பெயர் பெற்ற இந்த அமைப்பே செய்தி நுழையும் வாசல். டைரோசின் இருக்கிறதென்றால் அதைத் தேடி டைரோசின் கைனேஸ் வரவேண்டும். 1991இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், சார்க்கின் உறவினரான லின் என்ற கைனேஸ் பி செல் ஏற்பியை ஒட்டியே வாழ்கிறது என்று காட்டினார்கள். அதே ஆண்டு மற்றொரு ஜப்பானியக் குழு பன்றியின் மண்ணீரலிலிருந்து பிரித்த சிக் என்ற கைனேஸின் மரபணுவை வெளியிட்டது.

லின், சிக் இரண்டும் அருகருகே. யார் முதலில்? யார் இல்லாவிட்டால் காரியம் கெடும்? இதைச் சோதிக்க ஒரு பி செல்லிலிருந்து ஒவ்வொரு மரபணுவாக நீக்கிப் பார்க்க வேண்டும். அன்றைய நுட்பத்தில் மனிதச் செல்லில் அது மிகக் கடினம். அப்போதும் கைகொடுத்தது கோழிதான். ரௌஸின் வைரஸுக்கு உறவான கோழி லுகோசிஸ் வைரஸ் ஒரு கோழியின் பர்சாவில் உண்டாக்கிய புற்றிலிருந்து, 1985இல் டிடி40 என்ற செல்வரிசை உருவாக்கப்பட்டிருந்தது. அது ஓயாமல் பெருகும் கோழி பி செல். அதில் வேண்டிய மரபணுவை வேண்டியபடி மாற்றுவது வியக்கத்தக்க அளவுக்கு எளிது என்று 1991இல் பேஸல் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். சார்க் குடும்பத்தில் குறிப்பிடத்தக்க அளவில் அதில் இருப்பது லின் மட்டுமே என்பதால் குழப்பமும் குறைவு.

1994இல் டொமொஹிரோ குரோசாகியின் குழு அந்தக் கோழிச் செல்லிலிருந்து லின்னை நீக்கியது. ஏற்பியைத் தூண்டியபோது செல்லுக்குள் கால்சியம் எழுந்தது. ஆனால் தயங்கித் தாமதித்து எழுந்தது. சிக்கை நீக்கியபோது எழவே இல்லை. 1996இல் பிடிகே என்ற மூன்றாவது கைனேஸை நீக்கினார்கள். அப்போதும் கால்சியம் எழவில்லை.

இந்த ஆய்வுகளிலிருந்து திரண்ட சித்திரம் இது. ஆன்டிஜென் ஏற்பிகளில் படிகிறது. அருகில் காத்திருக்கும் லின், ஐடாம் வாலின் இரு டைரோசின்களிலும் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. சிக்கின் உடலில் இரண்டு பிடிகள் உண்டு; இரு பாஸ்பேட்டையும் ஒருசேரப் பற்றிக்கொண்டு அது விழிக்கிறது. விழித்த சிக், பிளிங்க் என்ற இணைப்புப் புரதத்தில் பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது. அங்கே பிடிகேயும், கொழுப்பை வெட்டும் ஒரு நொதியும் வந்து கூடுகின்றன. பிடிகே அந்த நொதியைத் தூண்ட, நொதி செல்சவ்வின் கொழுப்பு ஒன்றை இரண்டாக வெட்ட, வெட்டுண்ட துண்டுகளில் ஒன்று உள்ளறைகளில் பூட்டியிருந்த கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. எல்லாம் ஓரிரு நிமிடத்துக்குள். அதன் பின்னரே மரபணுக்கள் விழிப்பதும், செல் பெருகுவதும், எதிர்ப்பொருள் பெய்வதும்.

இந்தச் சங்கிலியின் மூன்றாவது கண்ணிதான் புரூட்டனின் சிறுவனுக்கு இல்லாதது. 1993இல், ஐரோப்பாவில் ஒன்றும் அமெரிக்காவில் ஒன்றுமாக இரு குழுக்கள் தனித்தனியே அந்த மரபணுவை எக்ஸ் குரோமோசோமில் கண்டுபிடித்தன. ஆண்பிள்ளைகளுக்கு எக்ஸ் ஒன்றே இருப்பதால் நோய் அவர்களையே தாக்குகிறது. தாய் நோயின்றி அதைச் சுமக்கிறாள். அந்தக் கைனேஸுக்குப் புரூட்டன் டைரோசின் கைனேஸ் என்று பெயரிட்டார்கள். பிடிகே என்பது அதன் சுருக்கம். சிறுவனைப் பற்றிய குறிப்புக்கும் மரபணுவுக்கும் இடையே நாற்பத்தோர் ஆண்டுகள்.

அந்நிய ஆன்டிஜென்னையே காணாத இளம் பி செல்லில் இந்தக் கைனேஸ் ஏன் தேவைப்படுகிறது என்று வாசகர் கேட்கலாம். இதற்கான விடையில் நம் பக்கத்து ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைச் சாலையில் கிழக்கே போனால் வருவது வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்ற ஷிவ் பிள்ளை, 1987இல் டேவிட் பால்ட்டிமோருடன் சேர்ந்து, முதிராத பி செல்லில் ஏற்பியின் அரைகுறை வடிவம் ஒன்று இருப்பதைப் பற்றி எழுதினார். வளரும் செல் இந்த முன்வடிவ ஏற்பியை அமைத்துக்கொண்டு, வெளியிலிருந்து யாரும் தூண்டாமலே உள்ளே ஒரு செய்தி அனுப்பிப் பார்க்கிறது. செய்தி போனால் செல் வாழும், வளரும். போகாவிட்டால் மடியும். பிடிகே இல்லாத குழந்தையின் பி செல்கள் இந்த முதல் தேர்விலேயே மடிந்துவிடுகின்றன. தேர்வுக்கு வராத மாணவர்களைப் போல அவை குருதியில் காணப்படுவதே அரிது.

மூட்டியதை அணைத்தல்

தேவைக்கு மேல் ஓயாமல் எரியும் பி செல்லும் உண்டு. பி செல் இரத்தப்புற்றுகள் பலவற்றில் இதே சங்கிலி ஓயாமல் இயங்கிப் புற்றை வாழவைக்கிறது. அப்படியானால் பிடிகேயை மருந்தால் முடக்கினால் என்ன? பிடிகேயின் ஓரிடத்தில் பற்றிக்கொண்டு விடாமல் ஒட்டும் இப்ரூட்டினிப் என்ற மாத்திரை 2013 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிறுவர்களுக்கு இல்லாததால் நோய் தந்த அதே புரதத்தை இல்லாமலாக்குவது முதியவர்களின் புற்றுக்கு மருந்தாயிற்று.

ஆயினும் முதல் பொறி எப்படிப் பற்றுகிறது என்பதில் கருத்துவேற்றுமை ஓயவில்லை. சிதறியிருக்கும் ஏற்பிகளை ஆன்டிஜென் ஒன்றாகக் கட்டுவதால் கைனேஸ்கள் நெருங்கித் தூண்டப்படுகின்றன என்பது பழைய விளக்கம். ஏற்பிகள் ஓய்வில் ஏற்கெனவே கூட்டாக மூடிக்கிடக்கின்றன, ஆன்டிஜென் அவற்றைப் பிரித்துத் திறப்பதால்தான் சிக் உள்ளே புகமுடிகிறது என்று, ஐடாமைக் கண்ட அதே மைக்கேல் ரெத் 2010ஆம் ஆண்டு முதல் வாதிட்டு வருகிறார். லின்னின் நடத்தையும் எளிதன்று. தீயை மூட்டும் அதே லின், வேறு சில புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அணைப்பானையும் அழைத்துவருகிறது. லின் இல்லாத எலிகளுக்கு நோயெதிர்ப்புக் குறைவதற்குப் பதிலாகத் தன்னுடலையே தாக்கும் நோய் வந்தது 1995இல் பலரை வியக்கவைத்தது. மூட்டுபவன் கையிலேயே நீர்க்குடமும் இருக்கிறது.

பெயரில்லாப் பறவைகள்

நம் முன்னோர் கோழியை இளக்கமாக நினைக்கவில்லை. விழுப்புரம் வட்டாரத்தின் அரசலாபுரத்தில், ஏறத்தாழ ஒன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், போரில் பொருத சேவலுக்கு உருவம் செதுக்கி எழுத்துப் பொறித்துக் கல் நட்டிருக்கிறார்கள். கிருஷ்ணகிரிப் பகுதியும் நடுகற்கள் நிறைந்த மண். ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களின் கற்களைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் காணலாம். யாருக்குக் கடன்பட்டோம் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று.

மேலே சொன்ன வரலாற்றில் மனிதர்களின் பெயர்கள் நிறைய வந்தன. ரௌஸிடம் வந்த பெட்டைக்கோழிக்குப் பெயரில்லை. சாங்கின் வகுப்பில் எதிர்ப்பொருள் காட்டாத கோழிகளுக்குக் கால் வளையத்து எண் மட்டுமே. டிடி40 உலகெங்கும் ஆய்வகக் குளிர்ப்பெட்டிகளில் இன்னும் வாழ்கிறது. இவை இல்லாமல் பிடிகேயைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பாதி இருந்திராது. கோழி வளர்ப்பு இதழில் வந்தது என்பதற்காகவும், கோழிக்கு வந்த நோய் என்பதற்காகவும் தள்ளிவைத்த ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால், அவ்வாண்டுகளில் காரணம் தெரியாமலே நிமோனியாவில் இறந்துபோன ஆண்குழந்தைகளை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு இன்றும் வழக்கமான மருத்துவம் புரூட்டன் செய்ததன் வழிவந்ததே. ஆயிரக்கணக்கானோர் குருதியிலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுதும் செலுத்த வேண்டும். விலை அதிகம். அதைவிட முதன்மையானது நோயை அடையாளம் காண்பது. ஆறு மாதம் வரை தாயின் எதிர்ப்பொருள் காக்கிறது. அதன் பின் காது, நுரையீரல், மூட்டு என்று தொற்று மாறிமாறி வருகிறது. பிள்ளைக்குச் சளி ஒத்துக்கொள்வதில்லை என்று ஊருக்கு ஊர் மருந்து வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும், முன்னொரு மகனை இதேபோல் இழந்த தாயும் உண்டு. தொண்டையில் உள்நாக்குச் சதை அறவே சிறுத்திருப்பதும், தாய்வழி மாமன் சிறுவயதில் இறந்த செய்தியும் மருத்துவருக்குக் குறிப்புகள். குருதியில் இம்யூனோகுளோபுலின் அளவையும் பி செல் எண்ணிக்கையையும் பார்த்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மத்திகிரிக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் ஒருவர் செத்த குஞ்சை அறுத்து, அந்தச் சிறு பையை இடுக்கியால் தூக்கி, அதன் அளவையும் நிறத்தையும் ஏட்டில் குறித்துக்கொள்ளக் கற்கிறார். கொட்டகைக்காரருக்கு அந்தக் குறிப்பு இந்த ஈட்டுக் குஞ்சுகளின் நிலையைச் சொல்லும். அடுத்த ஈட்டுக்குக் கூளத்தை மாற்றிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டுமா என்பதையும் சொல்லும். கிளிக் தொடங்கியதும் அதே போன்ற ஓர் ஏட்டிலிருந்துதான்.